ரியூசன் முன்னுக்குப் போகிறது, பிள்ளை?

யாழ்ப்பாணத்தில் "முன்கூட்டிப் படித்தால் கணிதம் வரும்" என்று யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே அப்படித்தான் படிக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தவணைக்கு வரவேண்டிய பாடம் ரியூசனில் முதலாம் தவணையிலேயே முடிந்துவிடும். தரம் 11 பிள்ளையைக் கேட்டால் "சிலபஸ் முடிஞ்சுது, இப்ப பாஸ்ட் பேப்பர் செய்யிறம்" என்று பெருமையாகச் சொல்லும். சரி, பிறகேன் கணிதமென்றால் இவ்வளவு பயம்?

என்னைக் கேட்டால், முன்னுக்குப் போகிறவர் ரியூசன் சேர்தான். பிள்ளை அவருக்குப் பின்னால் கொப்பியில் எழுதிக்கொண்டு போகிறது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் அதே பாடம் வரும்போது "இது தெரியும்தானே" என்று காதை மூடிக்கொள்கிறது. காதுக்குப் பழகிப்போனதும் கைக்கு வருவதும் ஒன்றில்லை என்று பரீட்சை மண்டபத்தில்தான் தெரியவருகிறது.

நான் சொல்லும் முன்படிப்புக்குக் காசே வேண்டாம். அரசாங்கம் 1980 முதல் இலவசமாகத் தரும் பாடப்புத்தகம் போதும். (பல வீடுகளில் அது உறை போட்டது போட்டபடியே புத்தம்புதிதாக இருக்கும்.) நாளைக்கு வரப்போகும் பகுதியை முதல்நாள் இரவு அரை மணித்தியாலம் தனியே இருந்து வாசிக்க வேண்டும். உதாரணக் கணக்கின் விடையைக் கொப்பியால் மறைத்துவிட்டுச் செய்து பார்க்க வேண்டும். சறுக்கிய வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. எல்லாம் விளங்கத் தேவையில்லை, எது விளங்கவில்லை என்று தெரிந்து வகுப்புக்குப் போனால் சரி.

அக்காவின் மகன் இப்படித்தான் இருபடிச் சமன்பாட்டை வர்க்கமாக்கித் தீர்க்கும் பகுதியை வாசித்துவிட்டு, "மாமா, நடுவில நிக்கிற எண்ணை ஏன் பாதியாக்கி வர்க்கிக்கச் சொல்லுறாங்கள்?" என்று கேட்டான். பக்கம் x ஆக ஒரு சதுரம் கீறச் சொன்னேன். அதோடு ஒட்டி, அதே உயரத்தில் 10 அலகு நீளமான செவ்வகம். இரண்டும் சேர்ந்து பரப்பளவு 39, அதாவது x² + 10x = 39. இப்போது செவ்வகத்தை 5, 5 ஆக வெட்டி, ஒரு துண்டைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றதைக் கீழேயும் ஒட்டு. மூலையில் 5க்கு 5 ஒரு இடம் வெறுமையாக இருக்கும். அந்த 25ஐ நிரப்பினால் 64, பெரிய சதுரத்தின் பக்கம் 8, முதல் சதுரத்தின் பக்கம் 3. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி இதே 10, 39 கணக்கைத்தான் படம் கீறி விளக்கினார். உடனே அடுத்த கேள்வி: "அப்ப −13 என்ற மற்ற விடை படத்தில எங்க?" நீளம் மறையாக வராதே! அந்த மனிதரும் மறை விடைகளை விட்டுவிட்டார். இதை நாளைக்கு வகுப்பில் கேள் என்று அனுப்பிவிட்டேன்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். சாதாரண தரம் எழுதிய கையோடு, பெறுபேறு வரமுதலே, இணைந்த கணித வகுப்புக்கு ஓடுகிறார்கள். ஓடுங்கள், தவறில்லை. ஆனால் அந்த மாதங்களில் காரணி, சுட்டி, மடக்கை, திரிகோணகணிதம் நான்கையும் இறுக்கிக்கொள்ளுங்கள். வகையீடு வரவில்லை என்று அழுகிற பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள். வகையிட்ட வரி பெரும்பாலும் சரியாக இருக்கும், அதற்குப் பிறகு சுருக்கும் இடத்தில்தான் பிழைத்திருக்கும்.

"நேரம் எங்க இருக்கு?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். பள்ளிக்கூடம் விட்டு ரியூசன், ரியூசன் விட்டு இன்னொரு ரியூசன், வீட்டுக்கு வர இருட்டிவிடும். ஒரே பாடத்துக்கு இரண்டு இடம் போகிற பிள்ளையென்றால் ஒன்றை நிறுத்திவிடுங்கள். எதை நிறுத்துவதென்று பிள்ளையையே கேளுங்கள். எந்த வகுப்பில் நித்திரை வருகிறதென்று அதற்குத்தான் தெரியும்.