மாளிகைப்புறத்தம்மன் சன்னதி பற்றி

நீங்கள் எழுதிய சபரிமலைக் கட்டுரையில் நெய்யபிஷேகம் விரிவாக வந்திருக்கிறது, உபதெய்வங்களை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! பதினெட்டாம் படியடியில் காவல் நிற்கும் கருப்பசாமி, கடுத்தசாமி, கன்னிமூல கணபதி, மிளகு காணிக்கை பெறும் வாவர் சாமி எல்லாரையும் கும்பிட்டால்தான் எங்கள் செங்கோட்டைப் பக்கத்துச் சாமிமாருக்கு யாத்திரை நிறையும்.

ஐயப்பன் சன்னதிக்கு அருகே கோயில் கொண்டிருக்கும் மாளிகைப்புறத்தம்மனைப் பற்றி அவசியம் எழுதுங்கள். அங்கே தேங்காய் உருட்டுவதும் மஞ்சள்பொடி தூவுவதும் கூரைமேல் துணி எறிவதும் ஆசாரமே அல்ல என்று கோயிலின் தலைமைக் குருவான தந்திரி சொல்லியிருக்கிறார். இவற்றை அனுமதிக்கக் கூடாது என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது. முதல்முறை மலைக்கு வரும் கன்னிசாமிகளுக்கு இது தெரிவதில்லை. முன்னால் போகிறவர் உருட்டினால் தாமும் உருட்டுகிறார்கள், தூவும் பொடி பின்னால் நிற்கிற குழந்தைகளின் கண்ணில் விழுகிறது. இருமுடி கட்டும்போதே குருசாமிமார் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.