மெட்ஸ் துணியும் அச்சில் ஏறாத அறையும்

சில நாட்களாக ஒரு துணியின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய கைக்குட்டை மாதிரி ஒரு சதுரத் துணி. பிரான்ஸுக்கும், ஜெர்மன் நாடுகளில் பெரியதான பிரஷ்யாவுக்கும் 1870இல் நடந்த போரின் நினைவாக ஜெர்மனியில் அச்சடித்தது. அங்கிருந்த யூதர்கள் இதை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்கள். இன்று யூத அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கிறது.

காட்சி இதுதான். பிரான்ஸின் மெட்ஸ் கோட்டை நகரை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருக்கிறது. யோம் கிப்பூர், அதாவது யூதர்கள் இரவும் பகலும் பட்டினி கிடந்து பாவமன்னிப்புக் கேட்கும் நாள். அந்த வருடம் அக்டோபர் 4 மாலையில் தொடங்கியது. வெட்டவெளியில், ஜெர்மன் ராணுவச் சீருடையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத வீரர்கள் கூடி நின்று வழிபடுகிறார்கள். கூடவே, யூத வேதத்தின் தீர்க்கதரிசிகளில் ஒருவரான மல்கியாவின் வசனம்: "நம்மெல்லாருக்கும் ஒரே பிதா இல்லையோ? ஒரே தேவன் நம்மைச் சிருஷ்டித்ததில்லையோ?"

பார்த்தால் மெய்சிலிர்க்கும். ஆனால் அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை! போர்முனையில் அத்தனை பேரை ஒரே இடத்தில் கூட்ட முடியவில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் சில பத்துப் பேர் நெருக்கியடித்து நின்று ஜெபித்தார்கள், அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தேன். பிரஷ்யாவின் தலைமையில் இருந்த வட ஜெர்மன் கூட்டமைப்பில் மதம் பார்க்காமல் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 1869 ஜூலை 3. துணியில் நிற்கும் வீரனுக்கு அந்த உரிமை கைக்கு வந்து பதினைந்தே மாதம். பிரஷ்ய நீதிமன்றங்களில் யூதனுக்கென்றே வைத்திருந்த தனிச் சத்தியப்பிரமாண முறை ஒழிந்ததும் அதே 1869இல்தான். யூதன் சத்தியம் செய்தால் நம்ப முடியாது என்பது அதன் உள்ளர்த்தம். அதற்கு எதிரிகள் காட்டிய ஆதாரங்களில் ஒன்று, யோம் கிப்பூர் மாலையில் சொல்லும் கோல் நித்ரே. கடவுளிடம் நேர்ந்துகொண்டு நிறைவேற்ற முடியாமல் போன சபதங்களிலிருந்து விடுதலை கேட்கும் வாசகம் அது. மனிதனுக்கு மனிதன் கொடுத்த வாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். ஜெர்மனியில் சில சபைகள், எதற்கு வம்பு என்று, அதை ஜெபப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டன.

அதே நாளைத்தான், அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்த சிப்பாய்களை வைத்து, துணியில் அச்சடிக்கிறார்கள். பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இது ஒரு மனு. பருத்தியில் எழுதிய மனு. 'நாங்களும் உங்களில் ஒருவர்தான், பாருங்கள்' என்று.

என் சண்டை வேறு இடத்தில். அந்த "ஒரே பிதா" வசனம் கிறிஸ்தவத் தோழர்களை நோக்கிச் சொன்னது. சரி. ஆனால் மெட்ஸில் பல நூற்றாண்டுப் பழைய யூதச் சமூகம் இருந்தது. பிரான்ஸின் ரபிகள் பயிற்சிப் பள்ளி 1859இல் பாரிஸுக்குப் போகும்வரை அந்த ஊரில்தான் நடந்தது. அதே மாலையில் மதிலுக்கு உள்ளேயும் அதே ஜெபத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். குதிரைகளை அடித்துச் சாப்பிட்ட ஊர் அது. அங்கே விரதத்துக்கும் பட்டினிக்கும் என்ன வித்தியாசம்? அக்டோபர் 27இல் கோட்டை சரணடைந்தது. துணியில் அவர்களைத் தேடாதீர்கள், இல்லை.

மனுவுக்குப் பதில் என்ன கிடைத்தது? முதல் உலகப்போரில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மனிக்காகச் சீருடை அணிந்தார்கள். போர் நடக்கும்போதே, 1916இல், ராணுவம் அவர்களை மட்டும் தனியாக எண்ணியது. முனைக்குப் போகாமல் ஏய்க்கிறார்களா என்று பார்க்கத்தான். எண்ணி முடித்தும் போர்க்காலத்தில் முடிவை வெளியிடவில்லை. செத்தவர்கள் 12,000 பேர். மெட்ஸ் துணி மாட்டிய வீட்டுப் பேரன்களும் அவர்களில் இருந்திருக்கலாம்.

எனக்கென்னவோ அந்தக் கிராமத்து வீட்டின் மேல்தான் கண். பசி, நெரிசல், சேறு காயாத பூட்ஸ். மறுநாள் உயிரோடு இருப்போமா என்று தெரியாத சில பத்துப் பேர். யாருக்கும் எதையும் நிரூபிக்காமல் முணுமுணுத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அதை யாரும் துணியில் அச்சடிக்கவில்லை. அடித்திருந்தாலும் அன்று யார் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள், சொல்லுங்கள்.