இரண்டு டப்பாக் கணக்கு

எம்.பி.ஏ. முடித்துவிட்டு சிறுதொழில்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இறங்கியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஆபீசுக்கு வந்திருந்தார். "அக்கா, இந்த ஃபீல்டுல இப்ப ட்ரெண்ட் என்ன, என்னென்ன ரிசர்ச் படிக்கணும், ஒரு லிஸ்ட் கொடுங்க" என்றார். அன்றைக்கு ஜிஎஸ்டி கடைசி நாள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான், பாவம், ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் சொதப்பிய கதை. பல வருடங்களுக்கு முன்பு கோவையில் ஓர் அமைப்பு சிறு வியாபாரிகளுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்தியது. கணக்குப் பாடம் என்னுடையது. டெய்லர்கள், லேத் பட்டறைக்காரர்கள், மாவு அரைத்து விற்பவர்கள் என்று நாற்பது பேர் இருந்தார்கள். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை எல்லாவற்றையும் புரொஜெக்டர் போட்டு விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் சர்டிபிகேட், குரூப் போட்டோ. மூன்று மாதம் கழித்து அவர்களில் பத்துப் பேரை நேரில் போய்ப் பார்த்தேன். நாங்கள் கொடுத்த கணக்கு நோட்டில் ஒருவர் பால் கணக்கு எழுதிவைத்திருந்தார். இன்னொரு வீட்டில் அது பையனின் ரஃப் நோட்டாகியிருந்தது. சிங்காநல்லூரில் இட்லி மாவு விற்கும் அம்மா நோட்டைப் பிரிக்கவே இல்லை. சர்டிபிகேட்டை மட்டும் பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

இவர்களைத் திருத்தவே முடியாது என்று அன்றைக்கு அலுத்துக்கொண்டேன். பாடத்தில் கோளாறு இருக்கலாம் என்ற எண்ணமே வரவில்லை.

பிறகு ஒருநாள் டொமினிக்கன் குடியரசில் நடந்த ஓர் ஆய்வைப் படிக்க நேர்ந்தது. டிரெக்ஸ்லர், ஃபிஷர், ஷோர் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டது. சிறுகடன் வாங்கிய சுமார் 1,200 வியாபாரிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நான் நடத்தியதைப் போன்ற முறையான கணக்குப் பாடம். இன்னொரு பகுதியினருக்கு எளிதில் நினைவில் நிற்கும் சில நடைமுறை விதிகள் மட்டும். கடைப் பணம் ஒரு டிராயரில், வீட்டுப் பணம் இன்னொரு டிராயரில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்தால் ஒரு சீட்டு எழுதிப் போடு. மூன்றாவது பகுதியினருக்கு ஒன்றுமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். முறையான பாடம் படித்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் ஏதும் தெரியவில்லை. டிராயர் விதி கேட்டவர்களிடம் தெரிந்தது. வியாபாரம் மந்தமான வாரங்களில்கூட அவர்கள் கை ஓரளவு தாக்குப்பிடித்தது.

படித்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் எரிச்சலாகவும் இருந்தது.

மாவு அம்மாவிடம் போய் இரண்டு ஹார்லிக்ஸ் டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். "கடைக் காசு இதுல. வீட்டுச் செலவு அதுல. இதுல இருந்து எடுத்தா எவ்வளவு, எதுக்குன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி உள்ளயே போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்." ஒரு மாதம் கழித்து அந்தச் சீட்டுகளைத் தரையில் பரப்பிக் கூட்டினோம். அரிசி, உளுந்து, கரண்ட் பில் போக மாவில் லாபம் இருந்தது. போனது எங்கே என்று பார்த்தால், மருமகன் பைக் டியூ, பேத்தி காதுகுத்துச் செய்முறை, பக்கத்து வீட்டுக்குக் கைமாத்து. "தொழில்ல நட்டம்னு நெனச்சு நிறுத்திரலாம்னு இருந்தனுங்க" என்றார்.

இந்த இடத்தில் இலங்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுனாமிக்குப் பிறகு, 2005-ல், களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் மூவரும் சிறு தொழில்காரர்களுக்கு 10,000 ரூபாயோ 20,000 ரூபாயோ, பணமாகவோ பொருளாகவோ, திருப்பித்தர வேண்டாத உதவியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முதலீடு மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் ஈட்டியது. வங்கி வட்டியைவிட மிக அதிகம். ஆனால் பெண்கள் நடத்திய தொழில்களில் லாபம் ஏறவே இல்லை. பெண்களுக்குத் தொழில் செய்யத் தெரியவில்லை என்று சிலருக்கு வாய் திறக்க வசதியாகிவிட்டது. இலங்கை, இந்தியா, கானா தரவுகளை வேறு சிலர் மறுபடி அலசி 2019-ல் வெளியிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பணம் வீணாகவில்லை, அதே வீட்டில் கணவர் நடத்தும் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் தொழில் செய்கிறவர் அந்தப் பெண் ஒருத்திதான் என்றால் அவர் லாபமும் ஆண்களைப் போலவே ஏறியது. மகளிர் குழுக் கடனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித் தருகிற நம்மில் எத்தனை பேர், "இந்தப் பணம் யார் கைக்குப் போகும்?" என்று கேட்கிறோம்? நான் பல வருடம் கேட்டதில்லை.

சரி, டப்பா வைக்கச் சொன்னோம், வைத்தார்கள். தொடர்ந்து வைப்பார்களா? என் பார்வையில் இந்தத் தொழிலில் பெரிய கேள்வியே இதுதான்.

மும்பைக்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவு ஆலைகளில் புளூம் என்பவரும் சகாக்களும் நடத்திய ஆய்வு ஆலோசகர்கள் மத்தியில் ரொம்பப் பேர்பெற்றது. 17 நிறுவனங்கள், 28 ஆலைகள். குலுக்கலில் தேர்ந்த ஆலைகளுக்குப் பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்றின் ஆட்களை ஐந்து மாதம் இலவசமாக அனுப்பினார்கள். 38 நடைமுறைகளைப் பழக்கினார்கள். நூல் சரக்கை ஒழுங்காக அடுக்குவது, பழுதைப் பதிவு செய்வது, இயந்திரம் எப்போது நின்றது என்று எழுதுவது. மந்திரம் ஒன்றுமில்லை. முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. 2013-ல் இது வெளிவந்தபோது கன்சல்டன்ட்கள் எல்லோரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். நானும்தான்.

ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை. எட்டு, ஒன்பது வருடம் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பழக்கியதில் ஏறத்தாழ பாதியைக் கைவிட்டிருந்தார்கள். பழகிய மேனேஜர் வேலையை விட்டுப் போனது, முதலாளிக்கு நேரமில்லாமல் போனது, இவைதான் முக்கியக் காரணங்கள். இருந்தாலும் பயிற்சி பெறாத ஆலைகளைவிட இவை ஒரு படி மேலேதான் இருந்தன. இந்தக் கதையின் முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் உதவியது. வருடாந்திர ஃபீஸ் வாங்கிக்கொண்டு மார்ச்சில் மட்டும் முகம் காட்டும் பழக்கத்தை அதற்குப் பிறகுதான் விட்டேன். புதிதாகக் கணக்குப் பிள்ளை சேர்ந்தால் எனக்கு உடனே போன் வர வேண்டும் என்று எல்லாப் பார்ட்டிகளிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

கென்யாவில் நைரோபியின் டாண்டோரா பகுதியில் நடந்த ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டுகிறது. தொழில் நடத்தும் இளம்பெண்களில் சிலருக்கு வகுப்பு எடுத்தார்கள். சிலருக்கு அதே ஊரில் நன்றாகத் தொழில் செய்யும் மூத்த பெண் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துவிட்டார்கள். வகுப்பால் லாபம் கூடவில்லை. அக்காமார் துணையால் சராசரி 20 சதவீதம் கூடியது. அவர்கள் சொல்லிக்கொடுத்தது மேலாண்மைத் தத்துவம் அல்ல, சரக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதைத்தான். நம் ஊரில், "டவுன் ஹால்ல வாங்காத, உக்கடத்துல அந்தக் கடைக்குப் போ" என்கிற மாதிரி. சந்திப்பு நின்றதும் பலனும் மெல்லக் கரைந்துவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் நடந்த ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோமே நகரில் 1,500 பேர். வழக்கமான வணிகப் பயிற்சிக்குப் பதில், தானே முன்வந்து வாய்ப்பைத் தேடுவது, முட்டுக்கட்டை வந்தால் சளைக்காமல் இருப்பது என்ற மனப்பழக்கத்தைப் பழக்கினார்கள். லாபம் 30 சதவீதம் ஏறியது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. 2017-ல் சயின்ஸ் இதழில் வந்தது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைப் பார்த்துக் குஷியாக வேண்டாம். அவர்கள் மேடையில் பேசிவிட்டுப் போகவில்லை. வகுப்பு முடிந்து நாலு மாதம் பயிற்சியாளர்கள் ஒவ்வொரு கடைக்கும் நேரில் போனார்கள்.

அப்புறம் நைஜீரியா. என் தொழிலையே மாற்றிய ஆய்வு என்றால் இதுதான். ஆண்டர்சனும் மெக்கென்சியும் கேட்ட கேள்வி எளிது. முதலாளியே ஏன் கணக்கும் மார்க்கெட்டிங்கும் கற்றுக்கொள்ள வேண்டும்? தெரிந்த ஆளிடம் விட்டால் என்ன? வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளவோ வெளியே கொடுக்கவோ உதவியபோது, பயிற்சியைவிட நல்ல பலன் கிடைத்தது. முழு ஆலோசனைச் சேவை தந்த பலனை ஏறக்குறைய பாதிச் செலவில் அது தந்தது. கணபதியில் மூன்று லேத் வைத்து பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். ஒரு மைக்ரான் பிசகாமல் கடைகிற மனிதர் கீபோர்டைக் கண்டால் வியர்த்துப்போவார். இப்போது வாரம் இரண்டு அரைநாள் ஒரு பெண் வந்து பில் போட்டுவிட்டுப் போகிறார். அதே தெருவில் நாலு பட்டறைக்கும் அவர்தான். சம்பளத்தை நாலு பேரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

ட்ரெண்ட் என்று தம்பி கேட்டதற்கு வருகிறேன். மேடையில் பேசப்படும் ட்ரெண்ட் வேறு, கல்லாவைத் தொடும் ட்ரெண்ட் வேறு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஒன்று, பாக்கி வசூல். குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டமே சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. ஆனால் தனக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனி மேல் யார் புகார் கொடுப்பார்? காகிதத்திலேயே கிடந்தது. 2023 நிதிச் சட்டம் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்த பிறகுதான் சூடு பிடித்தது. கெடுவுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரியில் கழிக்க முடியும். லேத் அண்ணனுக்கு அந்த மார்ச் கடைசி வாரத்தில் ஏழு மாதப் பாக்கி ஒரே நாளில் வந்தது. நம்ப முடியாமல் வங்கி மெசேஜை என்னிடம் காட்டிச் சரிபார்த்தார்! அவரிடம் வாங்கும் இன்னொரு கம்பெனி, "பில்லில் உத்யம் நம்பர் போடாதீங்க" என்று கேட்டதும் நடந்தது. குறு, சிறு தொழில் என்று காட்டும் பதிவு எண் அது. போடுங்கள் என்றுதான் சொன்னேன். அந்த ஆர்டர் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடை வைத்து வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதைத் தெரியாமல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் வரையறையும் மாறிவிட்டது. விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில், 100 கோடி வரை சிறுதொழில், முதலீட்டு உச்சவரம்பு தனி. அதனால் நீங்கள் பணம் தர வேண்டிய ஆட்களிலும் பலர் இப்போது இந்தப் பட்டியலுக்குள் வந்திருப்பார்கள்.

இரண்டு, யுபிஐ. 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறையிலிருந்து நோட்டீஸ் பறந்தது நினைவிருக்கும். யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து, ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்றார்கள். பொருள் விற்பவருக்கு வருடத்துக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். உடனே பல கடைகளில் 'நோ யுபிஐ' போர்டு தொங்கியது. எங்கள் பக்கத்திலும் கேட்டார்கள், "அக்கா, ஸ்டிக்கரைக் கிழிச்சிரலாமா?" கிழிப்பது முட்டாள்தனம். கடன் கேட்டுப் போனால் வங்கிக்காரரிடம் காட்ட நல்ல சாட்சி அந்த வரவுதான். சிக்கல் ஸ்டிக்கரில் இல்லை. கடை வசூல், சீட்டுப் பணம், மச்சான் அனுப்பியது, கல்யாண மொய் எல்லாம் ஒரே நம்பருக்கு வருகிறதே, அதில் இருக்கிறது. மாவு அம்மாவுக்குத் தனியாக ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்து, அதன் கியூஆர் மட்டும் கடையில் ஒட்டினோம். பழைய நம்பர் வீட்டுக்கு. ஹார்லிக்ஸ் டப்பா இரண்டும் போனுக்குள் போய்விட்டன, அவ்வளவுதான்.

மூன்று, எல்லோரும் கேட்கும் ஏஐ. கென்யாவில் நூற்றுக்கணக்கான சிறு தொழில்காரர்களில் ஒரு பகுதியினருக்கு வாட்ஸ்அப் வழியாக ஏஐ ஆலோசகர் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பலன் இல்லை. பிரித்துப் பார்த்தால் விபரீதம். ஏற்கெனவே நன்றாக நடத்தியவர்களுக்கு லாபம் கூடியது, தடுமாறிக்கொண்டிருந்தவர்களுக்குக் குறைந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பத்து யோசனையில் எது தன் கடைக்குப் பொருந்தும் என்று தெரிந்தவருக்குத்தான் பத்து யோசனை உதவும். லெட்டர் எழுத, நோட்டீசைப் புரிந்துகொள்ள நானும் ஏஐ பயன்படுத்துகிறேன். ஆனால் தள்ளாடுகிற ஒருவரிடம் அதைக் கொடுத்து, "கேட்டுப் பாருங்கள்" என்று அனுப்ப எனக்கு மனசு வராது.

தம்பி, இதைப் படித்தால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வாருங்கள். சிங்காநல்லூர் போகிறேன், கூட வரலாம். லேப்டாப் வேண்டாம். மாவு வாங்க ஒரு தூக்குவாளி எடுத்துக்கொண்டு வாருங்கள், அந்த அம்மா பிளாஸ்டிக் கவரில் தரமாட்டார்.