கல்யாணம் முடியட்டும் என்றிருந்தார் அயித்தை

என் அயித்தை மார்பில் கட்டியைத் தொட்டு உணர்ந்தது ஆவணியில். மருத்துவரிடம் காட்டியது மாசியில். இடையில் தை மாதம் மகள் கல்யாணம். அந்த ஆறு மாதமும் யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர் வீட்டில் பித்தளைச் சாமான் ஒவ்வொன்றிலும் பெயரெழுத்து வெட்டியிருக்கும். எந்த அண்டா யார் வீட்டு விசேஷத்துக்குப் போனது என்று அயித்தையைக் கேட்டால் உடனே சொல்வார். மகளுக்கு வைத்த சீரில் ஒரு கரண்டி குறையவில்லை. அப்படிப்பட்டவர் தன் உடம்பை மட்டும் கணக்கில் வைக்கவில்லை. ஏன் அயித்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் சம்பந்தம் கலைந்துவிடும். ஆத்தாளுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்பார்கள். வலியும் இல்லை. கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன்" என்றார்.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவரை அப்படிப் பயப்பட வைத்த நம் மீதுதான் வந்தது.

வலி இல்லை என்பதுதான் பல பெண்களை ஏமாற்றுகிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டி, அக்குளில் நெறிக்கட்டி, தோலில் குழிவு, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, காம்பு உள்வாங்குவது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, இவற்றில் எது புதிதாகத் தெரிந்தாலும் காட்டிவிட வேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். முதல் அறிகுறியோடு மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதி செய்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அயித்தை மருத்துவரிடம் போகவே ஆறு மாதம் ஆனது. அதற்குள் அக்குள் வரை போய்விட்டது.

சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூறில் 5 முதல் 10 வரைதான். 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை வீடுகளையும் ஒதுக்கிவிட்டு எங்கே பெண் எடுப்பீர்கள்? பரம்பரையாக வரும் வகையாகவே இருந்தாலும், அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் அந்த மகள்தானே. தெரிந்தால் சீக்கிரமே பரிசோதனையைத் தொடங்குவாள். சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கும்போது அவளிடமிருந்தும் மறைத்துவிடுகிறோம்.

நமக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல் ஊரறியச் சொல்லி, பல ஆண்டுகள் போராடி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இன்னும் "அந்த நோய்" என்று கிசுகிசுக்கிறோம்.

பிறகு விசாரிக்க வந்தார்கள். முகப்பில் உட்கார்ந்து, இன்னாருக்கும் இப்படித்தான் வந்தது, ஒரு வருஷம்தான் இருந்தார் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. கத்தி பட்டால் பரவும் என்று அறுவைக்கு முதல் நாள் வந்து சொன்னார் ஒருவர். ஊசி வைத்துத் திசு எடுப்பதாலோ அறுவை செய்வதாலோ நோய் பரவுவதில்லை. இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு நாட்டு மருந்து தேடிப் போய் மாதங்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

உதவி செய்தவர்களையும் சொல்ல வேண்டும். கீமோ நாட்களில் தாளிக்கும் வாசனை வந்தாலே அயித்தைக்குக் குமட்டும். பக்கத்து வீட்டு ஆச்சி, எங்கள் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, காரமில்லாத குழைந்த சோறும் மோரும் தன் வீட்டிலிருந்தே கொண்டுவருவார். வாயெல்லாம் புண், வேறு எதுவும் இறங்காது. தனக்குச் சளி பிடித்திருந்தால் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். முன்பக்கம் கொக்கி வைத்து, உள்ளே ஒரு பக்கம் பஞ்சு வைத்து நான்கு ரவிக்கை தைத்தும் கொடுத்தார். அக்குளில் நெறிகளை எடுத்திருந்ததால் அந்தக் கையால் கனம் தூக்க வேண்டாம் என்றிருந்தார்கள். தண்ணீர்க் குடத்தை யாரும் கேட்காமலே எடுத்து வைத்தவள் அந்தப் புதுப் பெண், மகள்தான். அவள் மாமியார், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த ஐந்து வாரமும் மதுரையில் அயித்தையோடு அறை எடுத்துத் தங்கினார். எந்தச் சம்பந்தம் கலைந்துவிடும் என்று அயித்தை பயந்தாரோ, அந்தச் சம்பந்தி!

முடி கொட்டியபோது கோயிலில் பார்த்தவர்கள் "பழநிக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். போன மாதம் ஒரு சாந்திக் கல்யாணத்தில் (அறுபதாம் கல்யாணம்), காது வரை வளர்ந்த முடியைப் பார்த்து ஒரு பெண் அதையே கேட்டாள். "இல்லை ஆத்தா, மார்பில் புற்றுநோய். மருந்தில் கொட்டியது. உனக்கு 30 ஆகிவிட்டதா? ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள், ஒருமுறை காட்டிவிடு" என்றார். பந்தி ஒரு நொடி அமைதியாகிவிட்டது. பிறகு இரண்டு பேர் கைகழுவும் இடத்தில் வந்து அயித்தையிடம் மெதுவாகப் பேசினார்கள்.

வரும் புதன்கிழமை பரிசோதனைக்காக மதுரை போகிறோம். காரைக்குடியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம், காரில் இரண்டு இடம் இருக்கிறது. வர நினைப்பவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். யாரிடமும் காரணம் கேட்கமாட்டோம்.