நாற்பத்து நாலில் ஜூனியர்

ஒரகடத்தில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் போன மாதம் போன் செய்தான். "அண்ணா, நானும் உங்களை மாதிரி வேலையை விட்டுட்டு எல்.எல்.பி. சேரலாம்னு இருக்கேன். எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கட்டும்?" அவனுக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். "உன் மெடிக்கல் பாலிசி யார் எடுத்தது?" என்று கேட்டேன். அவன் குரல் இறங்கிவிட்டது. புத்தகப் பட்டியலை எதிர்பார்த்திருப்பான் போல.

நான் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 18 வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன். 2021இல், 41 வயதில், வேலையை விட்டுவிட்டு மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்தேன். வேலையில் இருந்துகொண்டே அடுத்த தொழிலுக்குத் தயாராகுங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வேறு தொழில்களுக்கு அது சரியாக இருக்கலாம். வக்கீல் தொழிலுக்குச் சரிப்படாது. சட்டப் படிப்புக்கு 70 சதவீத வருகைப் பதிவு வேண்டும். முடித்து பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. மூன்று வருடம் வருமானமே கிடையாது, அப்புறம் ஒரு சீனியர் வக்கீலிடம் தொழில் பழகும் ஜூனியர் காலம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஆனால் அதை நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைக்காதீர்கள்.

ஆகவே நான் தயாரானது கல்லூரிக்கு முந்தைய நான்கு வருடங்களில். அதில் படிப்பு ரொம்பக் கொஞ்சம். முதலில் நகைக் கடனையும் பைக் கடனையும் அடைத்தேன். சம்பளச் சீட்டு இருக்கும்வரைதான் வங்கி நமக்கு நாற்காலி போடும். அடுத்தது பாலிசி. எனக்குச் சர்க்கரை உண்டு. கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள், அது முடியும்வரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. இப்போது அது அதிகபட்சம் மூன்று வருடம், நான் எடுத்தபோது நான்கு. சம்பளம் வரும்போதே அதைக் கழித்துவிட வேண்டும் என்று 2017லேயே சொந்தமாக ஒன்று எடுத்தேன்.

அப்புறம் ஓர் ஒத்திகை. என் மனைவி நர்ஸ். ஆறு மாதம் அவள் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்துவது, என் சம்பளத்தைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தோம். மூன்றாவது மாதமே தோற்றோம். அது ஜூன் மாதம், ஸ்கூல் ஃபீஸ். "உங்க லட்சியத்துக்கு ஜூன் மாசம்னு ஒண்ணு இருக்கிறது தெரியாதா?" என்று அவள் கேட்டதை இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு ஜூனுக்கென்றே தனியாக ஒரு சீட்டுக் கட்டினோம்.

பணத்துக்கு இவ்வளவு செய்தவன் மனதுக்கு ஒன்றும் செய்துகொள்ளவில்லை. என் சீனியருக்கு 36 வயது. ஆபீசுக்கு வரும் கட்சிக்காரர்கள் என் நரைமுடியைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "ஐயா, நீங்கதான் வக்கீலுங்களா" என்று கதையை ஆரம்பிப்பார்கள். நான் எழுந்து உள்ளறையைக் காட்டுவேன். திரும்பி வரும்போது என்னைக் குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டு டீக்கு ஐம்பது ரூபாய் நீட்டியவர்களும் உண்டு. இருபது பேர் எனக்குக் கீழே இருந்தார்கள், இப்போது கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வாய்தா வாங்க ஓடுகிறேன். முதல் ஆறு மாதம் ராத்திரியில் தூக்கம் வரவில்லை. இதற்கு எந்தச் சீட்டும் கிடையாது.

இதில் இன்னொரு கூத்து. இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் வந்தது. அத்தனை வருடம் இருந்தது நான் படித்து முடிக்கும்வரை பொறுக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம். 302 என்று மனப்பாடம் செய்த கொலை 103 ஆனது, 420 போய் 318 வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இருபது வருட அனுபவமுள்ளவர்களும் பாக்கெட்டில் ஒப்பீட்டு அட்டவணை வைத்துக்கொண்டுதான் கோர்ட்டுக்கு வந்தார்கள்.

பழைய தொழில் வீணாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஒரு செக் மோசடி வழக்கு வந்தது. சரக்கு சரியில்லை, அதனால்தான் பணம் தரவில்லை என்பது எதிர்த் தரப்பு வாதம். கேஸ் கட்டில் இருந்த, சரக்கு சரியில்லை என்று எழுதிய ரிஜெக்‌ஷன் நோட்டைப் பார்த்தேன். சரக்கு சோதனையில் தேறி ஸ்டோருக்குள் போய்ப் பதினோரு நாள் கழித்துத் தேதி போட்டிருந்தது. பதினெட்டு வருடம் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டவனுக்கு அது கண்ணில் படாதா? சீனியரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு நாற்காலியைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

அந்தத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று ராத்திரி வாட்ஸாப்பில் பாலிசி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். மேலே கம்பெனி லோகோ.