காந்த மோட்டாரை ஸ்டார்ட்டரில் ஓட்டலாமா?

"போர்வெல் காந்த மோட்டாருக்கு டிரைவ் பெட்டி வியாபாரத் தந்திரம், பழைய ஸ்டார்ட்டரே போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. காந்த மோட்டார் என்றால், உள்ளே சுழலும் பாகமான ரோட்டரில் நிரந்தரக் காந்தம் பதித்த மோட்டார்.

50 ஹெர்ட்ஸ் லைனைக் கொடுத்ததுமே, இரண்டு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் சுழலும். நின்றுகொண்டிருக்கும் ரோட்டரால் அதை எட்டிப் பிடிக்க முடியாது. இருந்த இடத்திலேயே அதிரும், ஆம்பியர் எகிறும், சூடேறிக் காந்தமே வலுவிழக்கலாம். (நேரடியாக லைனிலேயே கிளம்பும்படி, லைன்-ஸ்டார்ட் என்று தனியாகச் செய்வது வேறு ரகம்.) டிரைவ்தான் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றி ரோட்டரைக் கூடவே இழுத்துச் செல்கிறது. கிணற்றடியில் பெரும்பாலும் சென்சார் கிடையாது. ரோட்டர் எங்கே நிற்கிறது என்பதையும் டிரைவ் மேலிருந்தே கணக்கிட வேண்டும். நீளக் கேபிள் அந்தக் கணக்கைக் குழப்பும்.

"ஆஃப் செய்தால் ஒயரைத் தொடலாம்" என்றும் அதில் இருக்கிறது. எனக்குப் பயம் இதில்தான். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வு கசிந்தால் குழாய்த் தண்ணீர் கீழிறங்கி பம்பைப் பின்னோக்கிச் சுற்றும், மோட்டாரே ஜெனரேட்டராகிவிடும். டெஸ்டரில் பார்க்காமல் கேபிள் முனையில் கை வைக்காதீர்கள்.