பிராண்டன்பர்க் வாசலை மறுபடியும் அடைத்துவிட்டார்கள்

பெர்லினில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனின் வயிற்றெரிச்சல் இது. ஊர் நடுவில் பெரிய தூண்களோடு நிற்கிற பழைய கல் வாசல்தான் பிராண்டன்பர்க் வாசல். இந்தத் தடவை என்ன விசேஷம் என்று கேட்கவே அலுப்பாக இருக்கிறது. மாரத்தான், புத்தாண்டு, கால்பந்து, கச்சேரி, ஏதோ ஒன்று. ஊர்வலம், போராட்டம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன், அதற்கான இடம்தான் அது. வியாபாரத்துக்கு அடைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

2024 யூரோ கோப்பைக் கால்பந்துக்கு அடித்த கூத்தை மறக்க முடியுமா? போட்டி ஜூன் 14இல். மே மாதமே வாசலுக்கு மேற்கே போகிற சாலையை மூடியாயிற்று. 24,000 சதுர மீட்டருக்குப் பிளாஸ்டிக் புல்! இரண்டு பக்கமும் டியர்கார்டன் பூங்கா பச்சைப்பசேலென்று கிடக்கிறது, நடுவில் பிளாஸ்டிக் புல்லை விரிக்க எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ. தூண்களுக்கு முன்னால் ராட்சத கோல்போஸ்ட் வேறு.

2023 செப்டம்பரில் பருவநிலைப் போராட்டக்காரர்கள் அதே தூண்களில் ஆரஞ்சு சாயம் பீய்ச்சியபோது, தேசியச் சின்னத்துக்கு அவமானம் என்று ஊரே குதித்தது. மணற்கல்லில் ஊறிய சாயம் லேசில் போகுமா? கோபம் நியாயம்தான். கோல்போஸ்ட்டும் பியர் கடையும் மட்டும் மரியாதையா?

1791இல் கட்டடக் கலைஞர் லாங்ஹான்ஸ் இந்த வாசலைக் கட்டி முடித்தபோது, ஐந்து வழிகளில் நடு வழி அரச குடும்பத்துக்கு, ஓரம் நமக்கு. சரி, ராஜா காலம். 1961இல் பெர்லின் சுவர் வந்து 28 வருடம் யாரும் கிட்டவே போக முடியவில்லை. 1989 டிசம்பர் 22 அன்று திறந்தபோது ஜனம் அலைமோதியது. 2002இல் கார்களையும் நிறுத்தி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று விட்டார்கள். நல்ல காரியம். அப்புறம் அதையே கல்யாண மண்டபம் போல வாடகைக்கு விட ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது இரும்பு வேலி, அதில் கறுப்புத் துணி, பின்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் கழிப்பறைகள். காவலுக்கு நிற்கிறவர் வாயைத் திறக்காமல் கையை வடக்கே நீட்டுகிறார். நாடாளுமன்றத்தைச் சுற்றிக்கொண்டு போ என்று அர்த்தம். அங்கே செல்ஃபிக் கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர வேண்டும். பஸ்ஸில் போகலாமென்றால் 100ஆம் நம்பரையும் வேறு வழியில் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

ஓரத்தில் இரண்டு மீட்டர் வழி விட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். பியர் லாரி மட்டும் ஜோராக உள்ளே போய் வருகிறது.